மைக்கேல் ஜான்சன்: 19.32 பெரிதா, 43.18 பெரிதா?

வளைவு36:
ரொம்ப நாளாக மற்ற இழைகளில் நடுநடுவே வந்து போகும் சண்டை இது. தனி இழையாகவே போட்டுவிடலாம்.

அமெரிக்க ஓட்டக்காரர் மைக்கேல் ஜான்சன் கையில் இரண்டு உலக சாதனைகள் இருந்தன. 200 மீட்டரில் 19.32 வினாடி, அட்லாண்டா, 1996 ஆகஸ்ட் 1. 400 மீட்டரில் 43.18, செவில், 1999 ஆகஸ்ட் 26. முதலாவது 12 வருடம் நின்றது. 2008 பெய்ஜிங்கில் போல்ட் 19.30 ஓடி உடைத்தார். இரண்டாவது ஏறக்குறைய 17 வருடம் நின்றது; 2016 ரியோவில் வேய்ட் வான் நீகெர்க் 43.03 ஓடினார்.

எது பெரிய ஓட்டம்? காரணம் எண்ணோடு வரட்டும். "தெய்வம் சார் அவர்" வகைப் பதில்களுக்கு வேறு இழை இருக்கிறது.

தங்கஷூ:
இதுல என்ன சந்தேகம், 19.32 தான். ஐந்து ஒலிம்பிக் தங்கம், ஒன்பது உலகப் போட்டித் தங்கம் வாங்கினவர். ஆனா உலகம் ஞாபகம் வெச்சிருக்கிறது அந்த ஒரு ராத்திரியையும் அந்தத் தங்க நிற ஸ்பைக்ஸையும்தான் (அடியில ஆணி வெச்ச ஓட்ட ஷூ).

நேரக்காப்பாளன்:
கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். ஒலிம்பிக் தங்கம் நான்கு, உலகப் போட்டித் தங்கம் எட்டு.

2000 சிட்னி 4×400 தொடர் ஓட்டத் தங்கம் பறிபோனது. 1999 செவில் தொடர் ஓட்டத் தங்கமும் பறிபோனது. இரண்டு அணியிலும் ஆன்டோனியோ பெட்டிக்ரூ இருந்தார். 2008ல் நீதிமன்றத்தில் ஊக்கமருந்து எடுத்ததாக அவரே ஒப்புக்கொண்டார். 1997 ஜனவரி முதலான அவருடைய முடிவுகள் எல்லாம் ரத்து. சிட்னி தங்கம் நைஜீரியாவுக்குப் போனது, செவில் தங்கம் போலந்துக்கு. 1998 குட்வில் போட்டியில் ஓடிய 2:54.20 உலக சாதனையும் அதோடு அழிந்தது. ஜான்சன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. சிட்னி பதக்கத்தைத் தானே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மிச்சம் இருக்கும் நான்கு: 1992 பார்சிலோனா 4×400, 1996 அட்லாண்டா 200, 400, பிறகு 2000 சிட்னி 400.

ஒரு வினோதம். 1989 முதல் 58 இறுதிப் போட்டிகளாக 400ல் தோற்காமல் வந்தவரின் தொடர் 1997 ஜூனில் பாரிஸில் அறுந்தது. அன்று ஜெயித்தவர் இதே பெட்டிக்ரூ. ஆனால் அதை வைத்து ஜான்சனுக்குத் தொடரைத் திருப்பித் தர முடியாது. அவர் அன்று ஐந்தாவதாக வந்தார்.

லேன்மூன்று:
19.32 பக்கம் நான் வாதாடுகிறேன்.

அந்த ஓட்டத்தின் முதல் 100 மீ. 10.12, அடுத்த 100 மீ. 9.20. இந்த 9.20ஐ எதோடு ஒப்பிடுவது? போல்ட் பெர்லினில் 19.19 ஓடியபோது 9.92 + 9.27. பெய்ஜிங்கில் 19.30 ஓடியபோது 9.98 + 9.32. அதாவது, இரண்டாம் பாதியை மட்டும் எடுத்தால் ஜான்சன் ஓடியது போல்ட்டின் இரண்டு சாதனை ஓட்டங்களையும் விட வேகம். காற்று கொஞ்சம் ஜான்சன் பக்கம்தான் இருந்தது (நொடிக்கு 0.4 மீ. பின்காற்று, அதாவது +0.4; பெர்லினில் எதிர்க்காற்று 0.3, பெய்ஜிங்கில் எதிர்க்காற்று 0.9). அதைக் கழித்தாலும் சாதாரண எண் இல்லை.

இன்னொன்று. 100 மீ. குறி வந்ததும் வளைவு முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நிலையான 400 மீ. ட்ராக்கில் ஒரு வளைவு சுமார் 115.6 மீ., நேர்ப்பகுதி 84.4 மீ. எனவே அந்த 9.20க்குள் முதல் 15 மீட்டர் இன்னும் வளைவுதான்.

அவர் ஓடியது மூன்றாவது லேனில். நிலையான ட்ராக்கில் மூன்றாவது லேனின் ஆரம் சுமார் 39.1 மீ., எட்டாவது லேனில் 45.2 மீ. நொடிக்கு 10.5 மீ. வேகத்தில் மூன்றாவது லேனில் உடல் உள்பக்கம் சாய வேண்டியது சுமார் 16 டிகிரி, எட்டாவதில் 14. இரண்டு டிகிரிதானே என்று விடாதீர்கள். இடது கால் ஒவ்வொரு முறை தரையில் படும்போதும் அந்தப் பக்கவாட்டுச் சுமையைத் தாங்குகிறது.

இத்தனைக்கும் தொடக்கம் சுமார்தான். துப்பாக்கிச் சத்தத்துக்கு எதிர்வினை 0.161 வினாடி. முதல் சில அடிகளுக்குள் லேசாகத் தடுமாறவும் செய்தார்.

தங்கஷூ:
நானும் அதைத்தானே சொன்னேன்! 19.32ஐ ரெண்டால வகுத்தா 9.66. அன்னைக்கு 100 மீ. உலக சாதனை டொனவன் பெய்லியோட 9.84. அப்ப உலகத்திலேயே வேகமான ஆள் யாரு?

நேரக்காப்பாளன்:
இந்த வகுத்தல் கணக்கால்தான் 1997 டொரன்டோ கூத்தே நடந்தது.

200ஐ இரண்டாக வகுப்பது தப்பு. காரணம் எளிது: நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும் செலவு 100லும் ஒரு தடவைதான், 200லும் ஒரு தடவைதான். 200ல் அந்தச் செலவு இரண்டு மடங்கு தூரத்தில் பரவுகிறது. இரண்டாம் 100 மீட்டருக்குள் நுழையும்போதே ஆள் நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறார். அதனால் நல்ல 200 ஓட்டக்காரர் எவரையும் வகுத்துப் பார்த்தால், அவருடைய 100 நேரத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் விடை வரும். ஜான்சனின் சொந்த 100 மீ. சாதனை 10.09 (1994). உலகத்தரம்தான், ஆனால் பெய்லிக்குப் பக்கத்தில் இல்லை.

1997 ஜூன் 1, டொரன்டோ ஸ்கைடோமில் 150 மீ. தனிப்போட்டி. முதல் பகுதி வளைவு, மீதி நேர். பெய்லி 14.99. ஜான்சன் 100ஐத் தாண்டியதும் முன்தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நிற்பதற்கு முன்பே பின்தங்கிவிட்டார் என்பதும் உண்மை. வகுத்தல் கணக்குக்கு அந்த ஓட்டமே பதில்.

நானூறு:
சரி, இப்போது 43.18க்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள ஒவ்வொரு 100 மீட்டரையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஜான்சன், செவில் 1999: 11.10, 10.12, 10.44, 11.52. முதல் 200 மீ. 21.22, இரண்டாம் 200 மீ. 21.96. வித்தியாசம் 0.74.

வான் நீகெர்க், ரியோ 2016: 200ல் 20.5, 300ல் 31.0, முடிவில் 43.03. இரண்டாம் 200 சுமார் 22.5. வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு வினாடி.

ஒரே சாதனையின் இரண்டு பக்கங்களில் நிற்கும் இருவர் இப்படி நேரெதிராக ஓடியிருப்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே பெரிய ஆச்சரியம். 400ன் கடைசி 100ல் யாரும் வேகம் எடுப்பதில்லை. டிவியில் "பாய்ந்து வருகிறார்" என்பார்கள். பாயவில்லை, மற்றவர்களை விடக் குறைவாகத் தளர்கிறார், அவ்வளவுதான். ஜான்சனே 10.12லிருந்து 11.52க்கு இறங்கியிருக்கிறார். வான் நீகெர்க் 9.8லிருந்து சுமார் 12.0.

இன்னொரு அளவுகோல். உங்கள் சிறந்த 200 நேரத்தை, 400ன் முதல் 200 நேரத்தால் வகுங்கள். ஜான்சன்: 19.32 / 21.22, அதாவது 91 சதவீதம். 2016க்கு முன் வான் நீகெர்க்கின் சிறந்த 200 நேரம் 19.94; 20.5ஆல் வகுத்தால் 97 சதவீதம். ஒருவர் கையில் காசு வைத்துக்கொண்டு செலவழித்தவர், இன்னொருவர் முதலிலேயே எல்லாவற்றையும் மேசையில் வைத்தவர்.

லேன்மூன்று:
@நானூறு, அந்த 91ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 19.32 ஓடியது 1996. 1999ல் அவர் காயத்தோடு கிடந்த ஆள். அந்த வருடம் 200ல் அந்த வேகம் இல்லை. அன்றைய உடம்பை வைத்துப் பார்த்தால் சதவீதம் கொஞ்சம் ஏறும்.

நானூறு:
நியாயம். ஏறும், ஆனால் 97க்கு வராது. 43.18 எனக்குப் பெரிதாகத் தெரிவதற்கு நீங்கள் சொன்ன காயமே இன்னொரு காரணம். அந்த வருடம் அமெரிக்கத் தேசியப் போட்டியிலேயே அவர் ஓடவில்லை. நடப்பு சாம்பியனுக்கு நேரடி இடம் உண்டு என்ற விதி இல்லாவிட்டால் செவிலுக்கே போயிருக்க முடியாது. 1997 ஏதென்ஸுக்கும் அதே விதியில்தான் போய் 44.12 ஓடித் தங்கம் எடுத்தார். செவிலில் அரையிறுதியிலேயே 43.95. அப்போதே புட்ச் ரெனால்ட்ஸ் 1988ல் ஜூரிச்சில் ஓடிய 43.29 உலக சாதனைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

புதுசு_ஓட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு அடிப்படைச் சந்தேகம். முழங்காலை உயரத் தூக்கு, முன்னால சாய்னு எல்லா கோச்சும் சொல்றாங்க. இவர் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, கொஞ்சம் பின்னால சாய்ஞ்ச மாதிரி, குட்டிக் குட்டி அடியா வெச்சு ஓடுறாரு. இது தப்பான முறையா, இல்ல நமக்குச் சொல்லிக் கொடுக்கறது தப்பா?

வளைவு36:
இரண்டும் தப்பில்லை தம்பி. பார்க்க வேண்டிய இடம் முழங்கால் இல்லை, பாதம் எங்கே இறங்குகிறது என்பது.

ஜான்சனின் பாதம் இடுப்புக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே இறங்குகிறது. அதனால் தரை தொடும் நேரத்தில் தடை (பிரேக்) குறைவு. இடுப்பு உயரமாக, ஆடாமல் நிற்கிறது. முழங்கால் தாழ்வாகத் தெரிவதற்குக் காரணம், பின்னால் போன கால் சீக்கிரம் மடங்கி சீக்கிரம் முன்னே வந்துவிடுவது. அடி நீளம் குறைவு, ஆனால் நொடிக்கு விழும் அடிகள் அதிகம். 1.85 மீ. உயரமுள்ளவரிடம் இவ்வளவு குறுகிய அடி அபூர்வம். வளைவில் இது லாபம் என்பது என் அபிப்பிராயம்: நீண்ட அடி வைப்பவர் காற்றில் இருக்கும் நேரத்தில் நேர்க்கோட்டில்தான் போவார், இறங்கியதும் திசையைத் திருத்த வேண்டும். குறுகிய அடிக்கு அந்தத் திருத்தம் சின்னதாக, அடிக்கடி நடக்கும்.

டெக்சஸில் பேலர் பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கோச் க்ளைட் ஹார்ட். அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம், இந்த ஓட்ட முறையில் கை வைக்காமல் விட்டது.

ஆனால் காப்பியடிக்காதீர்கள். பழகாதவர் பின்னால் சாய்ந்தால் பாதம் உடம்புக்கு முன்னால் போய் இறங்கும், குதிகால் இடிக்கும், ஒவ்வொரு அடியும் தடையாகும். கொஞ்ச நாளில் பின்தொடை பிடித்துக்கொள்ளும். நிமிர்ந்த இடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், பின்சாய்வை விட்டுவிடுங்கள்.

பீப்சத்தம்:
ஹார்ட் பேர் வந்ததால பயிற்சி முறையையும் எழுதிடறேன். ஜான்சன் மட்டும் இல்ல, 2004 ஏதென்ஸ்ல 400 தங்கம் எடுத்த ஜெரமி வாரினர் (44.00, பிறகு 2007 ஒசாகால 43.45), 2012 லண்டன்ல பெண்கள் 400 தங்கம் எடுத்த சான்யா ரிச்சர்ட்ஸ் ராஸ், இவங்க எல்லாரும் அதே பட்டறைல வந்தவங்க. ஒரு ஆளோட திறமைன்னு ஒதுக்கிட முடியாது.

அடிப்படை என்னன்னா, சீசன் ஆரம்பத்துல மெதுவா நிறைய, முடிவுல வேகமா கொஞ்சம். முக்கியமான கருவி 200 மீ. திரும்பத் திரும்ப. ட்ராக்ல 50 மீட்டருக்கு ஒரு கூம்பு. பதிவு பண்ணின பீப் சத்தம் ஒலிக்கும். பீப் வரும்போது கூம்புகிட்ட இருக்கணும். முன்னாடி போனாலும் தப்பு, பின்னாடி இருந்தாலும் தப்பு.

பீப் இடைவெளி சுலபம், 200 நேரத்தை நாலால வகுக்கணும். 32 வினாடின்னா 8.0, 30னா 7.5, 28னா 7.0, 26னா 6.5, 24னா 6.0. மொபைல்ல இன்டர்வெல் டைமர் ஆப் எதுவா இருந்தாலும் போதும். நின்ற இடத்துல இருந்து கிளம்பினா முதல் 50க்குள்ளயே பீப் ஏமாத்திடும். அஞ்சாறு மீட்டர் பின்னாடி இருந்து ஓடிவந்து கோட்டைத் தாண்டும்போது டைமரை ஆரம்பிக்கணும்.

400 மீ. 50 வினாடில ஓடற ஒருத்தருக்கு ஒரு உதாரணம் (இது என் கணக்கு, ஹார்ட்டோட அட்டவணை இல்ல): முதல் மூணு வாரம் 8×200, ஒவ்வொண்ணும் 32 வினாடி, நடுவுல 2 நிமிஷ ஓய்வு. அப்புறம் ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வினாடி குறைக்கணும். 29க்கு வரும்போது எண்ணிக்கை 6, 27ல 4, 25.5ல 3. எண்ணிக்கை குறையும்போது ஓய்வை 4, 6 நிமிஷம்னு ஏத்தலாம். ஏழாவது எட்டாவது ஓட்டத்துல பீப்பைத் தவறவிட்டா வேகம் அதிகம்னு அர்த்தம். அடுத்த தடவை ஒரு வினாடி கூட்டிடுங்க, ஓய்வைக் கூட்டாதீங்க.

எங்க கெடும்னா, முதல் 50ஐ 6.8ல ஓடிட்டு மூணாவது 50ல நடந்து பீப்புக்குக் காத்திருக்கிறது. கடிகாரம் 32னு காட்டும், ஆனா பழகினது தப்பான தாளம். அதனாலதான் மொத்த நேரத்தை மட்டும் பார்க்காம ஒவ்வொரு கூம்பையும் பார்க்கச் சொல்றது.

புதுசு_ஓட்டம்:
ரொம்ப நன்றிண்ணே. அப்ப போட்டியில 50 வினாடி ஆளு எப்படிப் பிரிச்சு ஓடணும்? ஜான்சன் மாதிரியா, வான் நீகெர்க் மாதிரியா?

நானூறு:
இரண்டு பேரும் இல்லை. அவருடைய 200 சிறந்த நேரம் 22.8 என்று வைத்துக்கொள்வோம். பழைய சூத்திரம் முதல் 200ஐ அதைவிட ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேல் கூட்டி ஓடச் சொல்கிறது: 24.0, பிறகு 26.0. ஜான்சன் பாணி என்றால் 24.6 + 25.4. காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் 200லிருந்து 300 வரை வேகத்தை விடாமல் பிடிக்கத் தெரியாதவர் 24.6ல் போனால், அந்த மூன்றாவது 100ல் இன்னும் தளர்ந்து 51 ஓடுவார். மெதுவாகப் போனதற்கும் பலன் இல்லை.

ஹார்ட் ஓட்டத்தை நான்காகப் பிரித்துச் சொல்லுவார். முதல் 50 தள்ளு. 200 வரை சீரான வேகம். 200 முதல் 300 வரை இடம் பிடி. கடைசி 100 நிதானம், உடம்பு கலையாமல் பார்த்துக்கொள். பெரும்பாலோர் தோற்பது கடைசி 100ல் என்று நினைக்கிறோம். தோற்பது மூன்றாவது 100ல், அது தெரியவருவது கடைசியில். அங்கே ஓட்டக்காரருக்கு "கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம்" என்று தோன்றும். ஜான்சனின் மூன்றாவது 100ஐப் பாருங்கள்: 10.44, வளைவில். இரண்டாவது 100ஐ விட 0.32 தான் கூட. 43.18ன் உயிர் அந்த 10.44ல் இருக்கிறது.

கடைசி 80 மீட்டரில் அடியை நீட்டி எட்டிப் பிடிக்கப் பார்ப்பது அடுத்த தவறு. தளர்ந்த காலில் நீட்டினால் பாதம் முன்னே விழுந்து தடைதான். தாடையும் தோளும் இறுகாமல், கையை வேகமாக வீசினால் கால் பின்தொடரும்.

பீப்சத்தம்:
ஸ்டார்ட்டிங் பிளாக் (காலை ஊன்றிக் கிளம்பற கட்டை) பத்தி ஒரு வார்த்தை, யாரும் சொல்லல. 200, 400 ரெண்டுமே வளைவுல தொடங்குது. பிளாக்கை லேன் நடுவுல வெக்கக் கூடாது. வலது ஓரமா வெச்சு, லேனோட உள்கோட்டைத் தொடற நேர்க்கோட்டுத் திசைல திருப்பணும். அப்பதான் முதல் ஏழெட்டு அடி நேரா ஓடிட்டு வளைவுக்குள்ள போகலாம். பிளாக் சாய்ஞ்சிருக்கிறதால இடது கையைக் கோட்டுக்குச் சில செ.மீ. பின்னாடி வெக்கணும், இல்லன்னா தோள் ஒரு பக்கம் திரும்பி, முதல் அடியே வெளிப்பக்கம் போகும்.

ஸ்பைக்ஸ் பத்திப் பேசறவங்களுக்கு: அந்தத் தங்க ஷூ ரெண்டும் ஒரே அளவு இல்ல. இடது 10.5, வலது 11, அமெரிக்க அளவுல. வலது பாதம் பெருசு. நிறத்தை விட்டுட்டு இதைக் கவனிக்கலாம். கடைல ரெண்டு காலையும் அளக்காம வாங்கறவங்கதான் அதிகம்.

காற்றுமானி:
இரண்டு ஓட்டத்தையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றைக் கொண்டுவருகிறேன். 1991 டோக்கியோ உலகப் போட்டி, 200 இறுதி, 20.01. எதிர்க்காற்று 3.4.

200 மீட்டரில் காற்றை அளப்பது நேர்ப்பகுதியில் மட்டும்தான். முதலில் வருபவர் நேர்ப்பகுதிக்குள் நுழைந்ததும் 10 வினாடி அளப்பார்கள். கருவி முடிவுக்கோட்டிலிருந்து 50 மீ. தள்ளி, 1.22 மீ. உயரத்தில் இருக்கும். வளைவில் என்ன காற்று அடித்தது என்று அது சொல்லாது. அதனால் 200ல் காற்றுக் கணக்குப் போட்டு நேரத்தைத் திருத்துவது 100ல் செய்வதை விட நம்பகம் குறைந்தது. இருந்தாலும் 3.4 எதிர்க்காற்றில், நேர்ப்பகுதி முழுவதும் முகத்தில் அடிக்க அடிக்க 20.01 என்பது காற்றில்லாத நாளில் 20க்கு நன்றாகக் கீழே. 1992 அமெரிக்க ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் 19.79 ஓடி அதை அவரே காட்டினார்.

தங்கஷூ:
19.79 ஓடினவர் அதே வருஷம் பார்சிலோனால 200 பைனலுக்கே வரலியே?

காற்றுமானி:
ஆமாம், அரையிறுதியோடு வெளியே. ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் முன்பு ஸ்பெயினின் சலமன்காவில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் உணவு விஷமாகி, எடை இறங்கிவிட்டது. 200க்குத் தேவையான வெடிப்புதான் முதலில் போகும், தாங்கும் சக்தி அப்புறம். அதே போட்டியில் 4×400ல் மூன்றாவது ஓட்டக்காரராக ஓடி 2:55.74 உலக சாதனையில் பங்கு பெற்றார்.

அடுத்த வருடம் ஸ்டட்கார்ட்டில் அதே 4×400ல் 2:54.29. வால்மன், வாட்ஸ், ரெனால்ட்ஸ், கடைசியில் ஜான்சன். அவர் பங்கு 42.94. இதைப் பார்த்து "43க்குக் கீழே ஓடியவர்" என்று எழுதாதீர்கள். பேட்டன் வாங்கும்போது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பார்; எதிர்வினை நேரமும் இல்லை, நின்று கிளம்பும் செலவும் இல்லை. அதற்கு முக்கால் வினாடியாவது கூட்ட வேண்டும். ஆனால் அந்த அணி நேரம் பெரிது. 2024 பாரிஸில் அமெரிக்கா 2:54.43 ஓடியும் அதைத் தொட முடியவில்லை.

நேரக்காப்பாளன்:
அட்லாண்டாவில் 200, 400 இரண்டையும் ஓட முதலில் கால அட்டவணை இடம் தரவில்லை. சர்வதேசத் தடகள சம்மேளனம் அட்டவணையை மாற்றியது. மாற்றிய பிறகும் சுகமில்லை: ஜூலை 26 முதல் 29 வரை 400ல் நான்கு சுற்று. 30 ஓய்வு. 31ல் 200ன் இரண்டு சுற்று. ஆகஸ்ட் 1ல் அரையிறுதியும் இறுதியும். ஏழு நாளில் எட்டு ஓட்டம். 19.32 எட்டாவது ஓட்டம் என்பதை 43.18 கட்சிக்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

400 இறுதி 43.49. அதுவரை ஒலிம்பிக் சாதனை வாட்ஸின் 43.50. இரண்டாமிடம் ரோஜர் பிளாக் 44.41, இடைவெளி 0.92. 200ல் இரண்டாமிடம் பிரெட்ரிக்ஸ் 19.68, மூன்றாமிடம் போல்டன் 19.80. அதே பிரெட்ரிக்ஸ் சில வாரங்களுக்கு முன்பு ஆஸ்லோவில் ஜான்சனை ஜெயித்தவர்.

விலையும் கொடுத்தார். 200 முடிவில் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டு தொடர் ஓட்டத்தை விட வேண்டியதாயிற்று. அவர் இல்லாமலே அமெரிக்கா 2:55.99ல் ஜெயித்தது. அதே விளையாட்டில் பிரான்ஸின் மாரி ஜோஸ் பெரெக்கும் 200, 400 இரண்டையும் எடுத்தார். பெண்களில் அதை முதலில் செய்தவர் 1984ல் வாலரி பிரிஸ்கோ ஹூக்ஸ். ஆண்களில் இன்றுவரை ஜான்சன் மட்டும்தான்.

லேன்மூன்று:
அதோடு இதையும் சேருங்கள். இத்தாலியின் மென்னியா 1979ல் மெக்சிகோ நகரத்தின் உயரத்தில் (அங்கே காற்று மெலிசு) ஓடிய 19.72 உலக சாதனை பதினாறு வருடத்துக்கு மேல் நின்றது. 1996 ஜூன் 23 தகுதிப் போட்டியில் ஜான்சன் அதை 19.66 ஆக்கினார். 0.06 குறைக்க அத்தனை வருடம். பிறகு 39 நாளில் 0.34 குறைந்தது. 43.18 முந்தைய சாதனையிலிருந்து 0.11 தான் குறைத்தது, அதுவும் 400ல்.

நானூறு:
குறைத்த அளவு பெரிதென்றால், உடைக்கப்பட்ட சாதனை எவ்வளவு கெட்டி என்பதையும் பார்க்கணும். ரெனால்ட்ஸின் 43.29 மெக்சிகோ உயரத்தில் ஓடியது இல்லை. அமெரிக்கச் சாதனையாக 19.32 போய்விட்டது, 2022 ஜூலையில் யூஜீனில் நோவா லைல்ஸ் 19.31. முதலில் பலகையில் 19.32 என்றுதான் வந்தது, பிறகு திருத்தினார்கள். காற்றும் அதே +0.4! 43.18 இன்னும் அமெரிக்கச் சாதனை. 2024 பாரிஸில் குவின்சி ஹால் 43.40 வரை வந்து நின்றார்.

லேன்மூன்று:
ஒருவர் 26 வருடம் கழித்து 0.01 குறைத்ததை எனக்கு எதிரான சாட்சியாக வைக்கிறீர்களா? அது என் சாட்சி.

வளைவு36:
சண்டை நன்றாகத்தான் போகிறது. இடையில் ஒன்று: சிட்னி 2000ல் 43.84 ஓடியபோது அவருக்கு 33 வயது 12 நாள். அதற்குமுன் சாக்ரமென்டோவில் நடந்த அமெரிக்கத் தகுதிப் போட்டியில் 200 இறுதியில் அவரும் மாரிஸ் கிரீனும் இருவருமே தசை பிடித்து ஓட்டத்தை முடிக்காமல் நின்றார்கள். அவர் வாழ்க்கைக் கணக்கில் காயம் வந்த இடங்களை எழுதிப் பாருங்கள்: அட்லாண்டா 200, டொரன்டோ 150, சாக்ரமென்டோ 200. மூன்றும் குறுகிய தூரம். 400ல் அவர் உடம்பு அப்படி அறுந்ததில்லை. உச்ச வேகம்தான் தசையைக் கிழிக்கிறது. 91 சதவீதத்தில் கிளம்புகிறவருக்கு ஆயுள் அதிகம்.

நானூறு:
கடைசியாக ஒரு எண். 2000 மார்ச் 24, பிரிட்டோரியா, 300 மீ., 30.85. அப்போது அது உலகின் மிகச் சிறந்த நேரம். 2017ல் வான் நீகெர்க் ஆஸ்ட்ராவாவில் 30.81, 2024ல் போட்ஸ்வானாவின் டெபோகோ அதே பிரிட்டோரியாவில் 30.69.

செவிலில் ஜான்சன் 300ஐக் கடந்தது 31.66ல். ஏழு மாதம் கழித்து 300 மட்டும் ஓடச் சொன்னபோது 30.85. வித்தியாசம் 0.81. அவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு கடைசி நேர்ப்பகுதிக்குள் போனார் என்று நான் வாசிக்கிறேன்.

காற்றுமானி:
பிரிட்டோரியா கடல்மட்டத்திலிருந்து 1300 மீட்டருக்கு மேல். காற்று மெலிசு. 0.81ல் ஒரு பங்கு அதற்குப் போகும்.

நானூறு:
எவ்வளவு போகும் என்று சொல்லுங்கள், கழித்துக்கொள்கிறேன். 0.3 என்று தாராளமாகவே வைத்தாலும் அரை வினாடி மிச்சம்.

லேன்மூன்று:
அரை வினாடி மிச்சம் வைத்தவர் ஏன் 42.9 ஓடவில்லை?

நானூறு:
மிச்சம் வைத்ததால்தான் 11.52. வைக்காமல் போயிருந்தால் கடைசி 100 பன்னிரண்டைத் தொட்டிருக்கும், ரியோவில் வான் நீகெர்க்குக்கு ஆனது போல. 30.85ல் 300ஐக் கடந்து, பிறகு 12.2 ஓடினால் கூட்டிப் பாருங்கள்: 43.05. எந்த வழியில் போனாலும் அதே வாசலில்தான் வந்து நிற்கிறோம்.